உள்ளம் ஆற உடம்பே வழியா?

துயருற்றவருக்கு நாம் கொண்டு செல்வது பெரும்பாலும் சொற்களையே. மரணம் நிகழ்ந்த வீட்டிலும், வாணிபத்தில் நொடித்துப்போனவர் வீட்டிலும், மணமுறிவுக்கு ஆளான பெண்ணின் வீட்டிலும் சென்று அமர்ந்த மாத்திரத்திலேயே நம் நா முந்திக்கொள்கிறது. "சபூர் செய்யுங்கள்" என்கிறோம். "மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்கிறோம். "நடந்ததை மறந்துவிடுங்கள்" என்றும் சொல்லிவிடுகிறோம். கேட்பவரும் தலையசைக்கிறார். நாம் சொன்னவற்றுள் ஒன்றையும் அவர் மறுப்பதில்லை. ஆயினும் அன்றிரவு அவருக்கு உறக்கம் வருவதில்லை. உண்ட சோறு இறங்குவதில்லை. நெஞ்சில் கல்லை வைத்தாற்போல் ஒரு பாரம். வாசற்கதவு சற்றே ஓசையுடன் சாத்தப்பட்டாலும் உடல் தூக்கிப் போடுகிறது.

அறிவு ஒப்புக்கொண்ட ஆறுதலை உடம்பு ஏன் ஒப்புக்கொள்ளவில்லை? அவரது பொறுமையில் குறையா? நம்பிக்கையில் தளர்ச்சியா? அவ்வாறு எண்ணுவோர் நம்மிடையே உண்டு. வாய்விட்டுச் சொல்வோரும் உண்டு. ஏற்கெனவே துன்பத்தால் அழுந்தியிருப்பவர் மீது 'நீ பொறுமையற்றவன்' என்ற பழியையும் ஏற்றுவது எத்துணைக் கொடுமை! எனவேதான், உள்ளத்தின் புண் எங்கே இருக்கிறது, அது எவ்வாறு ஆறுகிறது என்ற வினா மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. பிறரை எவ்வாறு மதிப்பிடுகிறோம், எவ்வாறு நடத்துகிறோம் என்பதைத் தொடும் அறவினாவாகவும் அது ஆகிவிடுகிறது.

மெய் எனும் சொல்

உள்ளமும் உடம்பும் தனித்தனி அறைகளில் குடியிருப்பவை என்று நம் மொழி ஒருபோதும் கருதியதில்லை. பொறாமை கொண்டவனுக்கு வயிறு எரிகிறது. அஞ்சியவனுக்குக் குலை நடுங்குகிறது. செய்தி கேட்டுத் திகைத்தவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது. மகிழ்ச்சியில் மெய் சிலிர்க்கிறது. இவையெல்லாம் வெறும் அணிநயங்கள் என்று தள்ளத் தக்கவை அல்ல. தலைமுறை தலைமுறையாக மக்கள் தம் உடம்பில் கண்டறிந்ததைப் பதிந்து வைத்த சொற்கள் இவை.

தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. அழுகை, அச்சம், வெகுளி, உவகை முதலாக எட்டு உணர்வுகளை அது வகுக்கிறது. உள்ளத்து நிகழ்வது மெய்யின்கண் புலப்படுதலே மெய்ப்பாடு. அம்மெய் என்ற சொல்லுக்கே உடம்பு என்றும் உண்மை என்றும் இரு பொருள் இருப்பது எண்ணத் தக்கது. வாய் 'ஒன்றுமில்லை' என்று மறைத்தாலும், மெய் உண்மையைச் சொல்லிவிடுகிறது அல்லவா?

மேனாட்டு உளநூலார் இவ்விடத்திற்கு வந்து சேரச் சற்றுக் காலம் பிடித்தது. 1884இல் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஒரு கட்டுரையில் உலகோர் கருத்தைத் தலைகீழாகத் திருப்பினார். அச்சம் முதலில் உள்ளத்தில் தோன்றி, அதன்பின் உடல் நடுங்குகிறது என்று நாம் கருதுகிறோம். அவரோ, உடலில் எழும் மாற்றங்களை நாம் உணர்வதே அச்சம் என்றார். இக்கருத்து முழுமையாக நிலைபெறவில்லை. வால்ட்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1927இல் இதனை மறுத்துரைத்தார். எனினும் உணர்ச்சியைப் பற்றிப் பேசப் புகுவோர் உடம்பை ஒதுக்கிவைத்துப் பேசவியலாது என்ற நிலையை ஜேம்ஸ் உண்டாக்கிவிட்டார்.

அஞ்சும் உடம்பு

அதே கேனன்தான் 1915இல் வெளியிட்ட நூலில், ஆபத்தை எதிர்ப்பட்ட உயிர் போரிடவோ தப்பியோடவோ எவ்வாறு ஆயத்தமாகிறது என்பதை விளக்கியவர். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் தம் நீரைக் குருதியில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சு குறுகுகிறது, தசைகள் இறுகுகின்றன, செரிமானம் தடைப்படுகிறது. இவை யாவும் உயிரைக் காக்க அமைந்த ஏற்பாடுகள். ஆபத்து நீங்கியதும் அடங்கிவிட வேண்டியவை.

ஆனால் சிலருக்கு அவை அடங்குவதில்லை. போர், விபத்து, வன்முறை, குழந்தைப் பருவத்துக் கொடுமை ஆகியவற்றைக் கடந்து வந்தவர்களின் உடம்பு, ஆபத்து முடிந்துவிட்டது என்ற செய்தியைப் பெறாததுபோல் ஆண்டுக்கணக்கில் காவல் காத்துக்கொண்டே இருக்கிறது. வியட்நாம் போரிலிருந்து மீண்ட வீரர்களிடம் இந்நிலையைக் கண்ட பிறகே, 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய்ப்பட்டியலில் இதற்கெனத் தனிப் பெயரைச் சேர்த்தது. அதுவரை இவர்களில் பலர் கோழைகள் என்றும், நடிப்பவர்கள் என்றும் இழித்துரைக்கப்பட்டனர். நோய்க்கு ஒரு பெயர் கிடைத்ததுகூட ஒருவகை நீதியே.

இத்தகையோருக்குச் சொற்கள் மட்டும் ஏன் போதுவதில்லை என்பது இப்போது விளங்கும். 'அஞ்சாதே' என்ற கட்டளைக்கு இதயம் பணிவதில்லை. இரைப்பையும் பணிவதில்லை. ஆயினும் அந்தக் கோட்டைக்குள் நுழைய ஒரு சிறு வாயில் திறந்தே இருக்கிறது. அதுதான் மூச்சு. நாம் எண்ணாதபோதும் அது தானே நடக்கிறது. எண்ணினால் நம் விருப்பத்திற்கும் இசைகிறது. மூச்சை உள்ளிழுக்கையில் இதயம் சற்று விரைந்தும், வெளிவிடுகையில் சற்றுத் தணிந்தும் துடிக்கிறது. வேகஸ் என்னும் நரம்பு மூளையிலிருந்து இதயம், நுரையீரல், வயிறு ஆகியவற்றுக்கு இறங்கிச் சென்று இத்தணிவை நடத்துகிறது. ஆகவே மூச்சை மெல்ல, நீள வெளிவிடும் ஒருவர், கட்டளைக்கு மசியாத தம் இதயத்தோடு அதற்குப் புரியும் மொழியில் பேசுகிறார் என்றே கொள்ளலாம்.

மருத்துவர் கண்ட வழி

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-சின் என்பவர் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். தீராத வலியோடு வாழ்ந்தவர்கள், மருத்துவம் இதற்குமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவரிடம் வந்தனர். பயிற்சிக் காலம் எட்டு வாரம். படுத்த நிலையில் இடக்கால் விரல்களில் தொடங்கி உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனத்தைச் செலுத்துவது அதன் முதற்பாடம். வலியை விரட்டும்படி அவர் சொல்லவில்லை. வலி எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, எப்போது மாறுகிறது என்று கவனிக்கச் சொன்னார்.

வியன்னாவில் 1926இல் பிறந்து, நாஜிகளின் கொடுமையிலிருந்து குடும்பத்தோடு தப்பி அமெரிக்கா சென்ற யூஜின் ஜெண்ட்லின் வேறொரு கோணத்திலிருந்து இதே இடத்திற்கு வந்தார். உளநல ஆலோசனையால் சிலர் நலம் பெறுகின்றனர், சிலர் பெறுவதில்லையே, ஏன் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் ஆராய்ந்தார். பயன் பெற்றவர்கள் தம் கதையைச் சரளமாகக் கொட்டியவர்கள் அல்லர். பேச்சின் நடுவே நிறுத்தி, நெஞ்சிலோ வயிற்றிலோ தெளிவற்றுக் கிடக்கும் ஏதோ ஒன்றைத் தடவிப் பார்த்து, அதற்கு ஏற்ற சொல்லைத் தேடியவர்களே அவர்கள். அதனை யாவரும் பழகலாம் என்று 1978இல் அவர் ஒரு நூல் எழுதினார்.

அச்சம் திடீரெனப் பெருகும்போது செய்யத் தக்க எளிய பயிற்சி ஒன்றையும் மருத்துவர்கள் கற்பிக்கின்றனர். இரு பாதங்களையும் தரையில் ஊன்றி, தரை தம்மைத் தாங்குவதை உணர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களைப் பெயர் சொல்லி எண்ண வேண்டும். பின்னர் தொட்டறியும் நான்கு, செவியில் விழும் மூன்று, மணத்தால் அறியும் இரண்டு, சுவையால் அறியும் ஒன்று. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. நடந்து முடிந்த கொடுமைக்குள் மீண்டும் இழுத்துச் செல்லப்படும் ஒருவரை ஐம்புலன்களின் கைப்பிடித்து, இந்த இடத்திற்கும் இந்த நேரத்திற்கும் திருப்பிக் கொணர்வதே இதன் நோக்கம்.

இவற்றால் பயன் உண்டா? உண்டு, அளவோடு உண்டு. பிற சிகிச்சைகளால் குணமடையாத 64 பெண்களிடம் பெஸ்ஸல் வான் டெர் கோக் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் யோகப் பயிற்சி பெற்றவர்களுள் நூற்றுக்கு 52 பேர் அந்நோயின் வரையறையிலிருந்து விடுபட்டிருந்தனர். உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற மற்றப் பிரிவில் இது நூற்றுக்கு 21. அதே 2014இல் 47 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 3,515 பேரையும் திரட்டி நோக்கிய அறிஞர்கள், தியானப் பயிற்சியால் பதற்றமும் சோர்வும் வலியும் ஓரளவு தணிகின்றன என்றனர். மருந்தையோ உடற்பயிற்சியையோ விட அது மேலானது என்பதற்குச் சான்றில்லை என்பதையும் உடன் சேர்த்தே சொன்னார்கள். ஆகவே சர்வரோக நிவாரணி என்று விளம்பரம் செய்வோரையும், வெறும் ஏமாற்று என்று எள்ளி நகையாடுவோரையும் ஒருசேர விலக்கிவைப்பதே நேர்மை.

இது நமக்கு ஆகுமா?

இங்கே நம் இல்லங்களில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. இப்பயிற்சிகளுள் பல பௌத்த மரபிலிருந்தும் யோக மரபிலிருந்தும் பிறந்தவை. அவற்றை நாம் மேற்கொள்ளலாமா? வினா நேர்மையானது, விடையும் நேர்மையாக இருக்க வேண்டும். ஒரு பயிற்சியோடு வணக்கமும் கொள்கையும் பிணைந்து வருமாயின், அதை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் மனச்சான்றுக்கு உட்பட்டது. ஆனால் மூச்சு எந்தச் சமயத்தின் தனியுடைமை? பாதத்தின் கீழ் உள்ள தரை எவருக்குச் சொந்தம்? தம் உடம்பைக் கவனிப்பது இறைவன் தந்த அமானிதத்தைப் பேணுவதில் அடங்காதா?

மேலும், இவ்வறிவு நம் முன்னோருக்குப் புதிதும் அன்று. பல்கு நகரத்துப் பேரறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ 934இல் மறைந்தவர். உடல்களின் நலன், உள்ளங்களின் நலன் என்ற இரண்டையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார் அவர். உடம்பு நோயுற்றால் உள்ளம் வாடும். உள்ளம் நோயுற்றால் உடம்பு வாடும் என்பது அவர் அடிப்படை. தம் காலத்து மருத்துவர்கள் உடம்பை மட்டும் நோக்கி உள்ளத்தை மறந்தனர் என்று அவர் குறைப்பட்டார். காரணம் தெரிந்த துக்கம், காரணம் தெரியாத துக்கம் என்று பிரித்து, பின்னது உடம்பினின்று எழுவது என்று அன்றே எழுதினார். நலமாயிருக்கும் நாளிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்துவைக்க வேண்டும், வீட்டில் மருந்தைச் சேமிப்பதுபோல என்பதும் அவர் அறிவுரை. 1037இல் மறைந்த இப்னு ஸீனாவோ, காதல் நோயுற்றவரின் நாடியைப் பிடித்துக்கொண்டு பெயர்களைச் சொல்லிப் பார்த்து, நாடி துள்ளும் பெயரைக் கொண்டு நோயின் காரணத்தை அறியும் முறையை எழுதிவைத்தார்.

சினம் கொண்டவர் நின்றிருந்தால் அமரவும், அதிலும் தணியாவிடில் சாய்ந்துகொள்ளவும் வழிகாட்டும் நபிமொழியை நம் பிள்ளைகளும் அறிவர். சினத்தைத் தணிக்க அங்கே முதலில் மாற்றப்படுவது உடலின் நிலை என்பதை எத்தனை பேர் ஊன்றி எண்ணியிருக்கிறோம்?

ஆயினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். 'தொழுகையும் ஒரு தளர்வுப் பயிற்சியே. திக்ரும் ஒரு மூச்சுப் பயிற்சியே' என்று பெருமையோடு மேடையில் பேசுவோர் உளர். வணக்கத்தை மருந்துக்குப்பியாகக் குறுக்குவது வணக்கத்திற்கும் நன்றன்று, நோயாளிக்கும் நன்றன்று. வணங்குபவர்க்கு அமைதி கிட்டலாம், அது கொடை. கிட்டாத நாளில் அவர் வணக்கம் பழுதுற்றது என்று எவர் தீர்ப்பளிக்க முடியும்? உள்ளம் நொந்தவரிடம் 'ஒழுங்காகத் தொழுதால் சரியாகிவிடும்' என்று கூறி மருத்துவரிடம் செல்லவொட்டாமல் தடுப்பவர், தம்மை அறியாமலேயே ஒரு தீங்கைச் செய்கிறார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியைக் காட்டினார். போர் விளைத்த உளக்காயங்களைப் பற்றி 1998இல் நூல் வெளியிட்ட அவர், மக்களுக்குத் தளர்வுப் பயிற்சி தருகையில் அந்நிய முறையைத் திணிக்கவில்லை. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பௌத்தர்களுக்கும் அவரவர் மரபில் ஏற்கெனவே பழகிவந்த சொல்லையும் முறையையுமே துணையாகக் கொள்ளலாம் என்று எழுதினார். காயம்பட்டவருக்குத் தம் வீட்டு மொழியில் ஆறுதல் கிடைப்பது பெரிதல்லவா?

ஆறுதலும் நீதியும்

இனி எல்லாவற்றினும் கடினமான வினாவுக்கு வருவோம். அநீதி இழைக்கப்பட்டவரை அமைதிப்படுத்துவது அறமாகுமா?

1990 அக்டோபரில் இலங்கையின் வடபகுதியிலிருந்து எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணிநேரம். தலைமுறைகள் வாழ்ந்த வீட்டையும் பள்ளிவாசலையும் அடக்கத்தலத்தையும் விட்டு, கையிற் கிடைத்ததோடு அவர்கள் புத்தளம் முதலிய இடங்களை அடைந்தனர். அவர்களுள் உறக்கமிழந்த ஒரு தாயிடம் சென்று, 'மூச்சைக் கவனி உம்மா' என்று சொல்வது எப்படி? அவர் இழந்தது மூச்சையல்ல, மண்ணை. அவருக்கு வேண்டியது பயிற்சியன்று, நீதி என்று ஒருவர் சீறினால், அச்சீற்றத்தில் உண்மை இருக்கிறது.

பணியாளரை இரவுபகலாகப் பிழிந்துவிட்டு, மாதம் ஒருமுறை தியான வகுப்பு நடத்தும் நிறுவனங்களும் இன்று உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் ரொனால்ட் பர்சர் 2019இல் எழுதிய நூலில் இதனைக் கடுமையாகச் சாடினார். சமுதாயம் உண்டாக்கிய நோய்க்குத் தனிமனிதனே பொறுப்பேற்க வேண்டும் என்ற போதனை இதனுள் ஒளிந்திருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. கடல் கடந்து போவானேன்? கணவனிடம் அடிபட்டு வந்த மகளிடம் 'பொறுமையாக இரு' என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வீடுகளிலும் நடப்பது இதுவே. அடித்தவனின் கையைப் பிடிக்காமல் அடிபட்டவளின் அழுகையை மட்டும் நிறுத்த முயல்வது ஆறுதல் அன்று, அடக்குதல்.

அவ்வாறாயின் உடம்பை ஆற்றும் முயற்சியையே கைவிட வேண்டுமா? வேண்டா. ஆறுதல் என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். புண் ஆறுகிறது, கொதித்த பால் ஆறுகிறது, சினம் ஆறுகிறது, துயரும் ஆறுகிறது. ஆறிய புண் மறைந்த புண் அன்று. தழும்பு சாட்சியாக நிற்கிறது. ஆனால் கை மீண்டும் வேலை செய்கிறது. உடல் நடுங்கிக்கொண்டே இருப்பவரால் வழக்காட இயலாது. நிகழ்ந்ததைத் தெளிவாகச் சாட்சி சொல்ல இயலாது. பிள்ளைகளை மடியில் அமர்த்திக் கதை சொல்லவும் இயலாது. நெஞ்சத் துடிப்பு தணிந்து, காலடியில் தரை உறுதியாயிற்று என்று உணர்பவரே எழுந்து நின்று தம் உரிமையைக் கேட்க முடியும். ஆகவே ஆறுதல் நீதிக்குப் பகையன்று. நீதிக்கு ஈடாக அதனை நீட்டுவதே பகை. ஆறுதலை அளிப்பவர், 'இத்தோடு உன் வழக்கு முடிந்தது' என்று எண்ணுகிறாரா, 'இனி உன் வழக்கில் உன்னோடு நிற்பேன்' என்று எண்ணுகிறாரா என்பதே இரண்டையும் பிரித்தறியும் உரைகல்.

நம் இல்லங்களில்

நாம் செய்யக் கூடியவை என்ன? முதலாவது, துயருற்றவரை அவசரப்படுத்தாமை. சொற்களை அள்ளி வீசுமுன் அருகில் அமர்ந்திருப்பது. அவர் உண்டாரா, உறங்கினாரா என்று கேட்பது. விரும்பினால் கையைப் பற்றிக்கொள்வது. உடன் நடந்து சென்று காற்று வாங்கச் செய்வது நீண்ட உபதேசத்தினும் மேலானது.

இரண்டாவது, உடம்பு சொல்வதை நம்புதல். நெஞ்சடைப்பு, மூச்சுமுட்டல், ஓயாத வயிற்றுவலி என்று ஒருவர் முறையிட்டால் அவற்றை முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சோதனையில் நோய் ஒன்றும் தென்படவில்லை என்றால், 'எல்லாம் உன் கற்பனை' என்று எவரும் கைகழுவிவிடலாகாது. துயரம் விளைத்த வலியும் வலியே.

மூன்றாவது, பயிற்சியின் எல்லையை அறிதல். கொடுங்காயம் பட்டவர்களுள் சிலருக்குக் கண்ணை மூடி உள்ளே நோக்குவதே பழைய அச்சத்தைக் கிளறிவிடுகிறது. இதனை டேவிட் ட்ரெலெவன் 2018இல் தனி நூலாகவே எழுதி எச்சரித்தார். அத்தகையோர் கண்ணைத் திறந்து வைத்து, வெளியே உள்ளவற்றைப் பார்த்து, சிறிது சிறிதாக, பயின்ற மருத்துவரின் துணையோடு செய்வதே பாதுகாப்பு. மருந்து உண்பவர் தாமாக அதை நிறுத்துவதும் தவறு. வாழ்வை வெறுத்துப் பேசுபவரைப் பயிற்சியோடு தனியே விட்டுவிடுவது பெருந்தவறு. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடமை.

உள்ளம் ஆற உடம்பே வழியா என்று தொடக்கத்தில் வினவினோம். உடம்பு ஒன்றே வழியன்று. சொல்லும் வேண்டும், மருந்தும் வேண்டும், உறவும் வேண்டும், நீதியும் வேண்டும். ஆனால் உடம்பை ஒதுக்கிவிட்டு மற்ற நான்கையும் கொண்டு நிறைவு காண முயல்வது, அடித்தளத்தை விட்டுவிட்டுச் சுவர் எழுப்புவதை ஒக்கும். துயருற்ற ஒருவர் நம்முன் அமர்ந்திருக்கையில், அவர் நாவைப் போலவே அவர் நடுங்கும் விரல்களும் நம்மோடு பேசுகின்றன என்பதை உணர்வோமாக. கேட்கத் தெரிந்தவரே ஆற்றத் தெரிந்தவர்.